மந்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் வேலை தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக்., பிசிஏ, பி.எஸ்சி., பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் என் கருத்தும் உண்டு. எது விதி, எது என் யோசனை என்பது படிக்கும்போதே தெரியும்.

நாட்டின் பொருளாதாரம் வளர்கிறது என்று தினமும் செய்தி வருகிறது. அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் வேலை இல்லை?

இரண்டுமே உண்மைதான். நம் கல்லூரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தவை ஐடி சேவை நிறுவனங்கள். அவற்றுக்குப் பணம் வருவது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும். 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த அமெரிக்க வட்டி விகிதம், 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதத்துக்கு ஏறியது. அங்கே இருக்கும் வங்கிகளும் கடைகளும் செலவைச் சுருக்கின. முதலில் நின்றது புதிய ப்ராஜெக்ட்டுகள். புதிய ப்ராஜெக்ட் இல்லையென்றால் ஃப்ரெஷர் தேவையில்லை.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வந்த அலையில் டிசிஎஸ் மட்டும் 2021–22 நிதியாண்டில் 1 லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது. தேவைக்கு மேல் எடுத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2023–24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516. இந்த மூன்று நிறுவனங்களின் கணக்கிலேயே 60,000 பேருக்கு மேல் குறைவு. அந்த ஆண்டு கேம்பஸில் உங்களை யாரும் எடுக்கவில்லை என்றால், அதை உங்கள் மதிப்பெண்ணோடும் ஆங்கிலத்தோடும் மட்டும் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதனால் வாழ்நாள் முழுக்கப் பின்தங்கிவிடுவேனா?

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் 1976 முதல் 1995 வரை பட்டம் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. மந்தத்தில் படிப்பை முடித்தவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து ஆண்டில் அந்த இடைவெளி பாதியானது, பத்து ஆண்டுக்குள் ஏறக்குறைய மறைந்துபோனது. அமெரிக்காவில் 1980களின் பட்டதாரிகளைப் பற்றி 2010இல் வந்த இன்னோர் ஆய்வு இவ்வளவு ஆறுதலாக இல்லை. பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் கொஞ்சம் வித்தியாசம் மிச்சமிருந்ததாக அது சொல்கிறது.

கனடா ஆய்வில் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வது இன்னொரு விஷயம். அங்கே மீண்டவர்களில் பலர், சிறிய, சம்பளம் குறைந்த நிறுவனத்தில் தொடங்கி, சில ஆண்டுகளில் நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்கள். நல்ல இடம் கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட, கிடைத்த இடத்தில் ஏறி, அங்கேயே தேங்கிவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பது நல்லது. கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

மாதம் 14,000 ரூபாய் தரும் சின்ன கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிஎஃப் பிடிக்கிறார்களா? சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா? ஓராண்டு கழித்து இன்னொரு நிறுவனத்தில் “நான் இதைச் செய்தேன்” என்று சொல்லும்படியான வேலையா? மூன்றுக்கும் ஆம் என்றால் போங்கள்.

பிஎஃப் முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிஎஃப் பிடித்தால் உங்களுக்கு ஒரு யுஏஎன் எண் வரும். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்பது அதில் பதிவாகிவிடும். நாளை பெரிய நிறுவனம் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். 20 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடமென்றால் நியமனக் கடிதம், மாதாமாதம் பே-ஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

கையில் ரொக்கமாகச் சம்பளம், எந்தக் காகிதமும் கிடையாது என்றால், மாதம் 20,000 தந்தாலும் யோசியுங்கள். அந்த ஓராண்டு பிற்பாடு எந்தக் கணக்கிலும் வராது.

ஆஃபர் லெட்டர் வந்து பல மாதம் ஆகிவிட்டது. ஜாயினிங் தேதி மட்டும் வரவில்லை. காத்திருப்பதா?

காத்திருங்கள், ஆனால் சும்மா காத்திருக்க வேண்டாம். 2022இல் ஆஃபர் வாங்கிய பலர் ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் உள்ளே போனார்கள். சிலருக்குக் கடைசிவரை அழைப்பே வரவில்லை. மாதம் ஒருமுறை எச்ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள், அவர்கள் நடத்தும் பயிற்சிகளை முடித்து வையுங்கள். இதற்கிடையே வேறு வேலை கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். சேரும் தேதி இல்லாத ஆஃபர் லெட்டரை நம்பி வந்த வேலையை விட்டவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள்.

ஒரு கன்சல்டன்சி 2 லட்சம் கட்டினால் பெரிய கம்பெனியில் ‘பேக்டோர்’ வேலை உறுதி என்கிறது. அப்பா நகையை வைக்கத் தயாராக இருக்கிறார்.

வைக்க வேண்டாம். வேலை தேடுபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கும் முறை எந்தப் பெரிய ஐடி நிறுவனத்திலும் இல்லை. கன்சல்டன்சிக்குப் பணம் தருவது நிறுவனம்தான்.

அந்த ஃபோன் எப்படி வரும் தெரியுமா? “உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு. டைரக்ட் ஜாயினிங். ரீஃபண்டபிள் டெபாசிட் மட்டும் கட்டணும். இன்னும் ரெண்டு ஸ்லாட்தான் இருக்கு, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க.” இன்டர்வியூ பேருக்கு வாட்ஸ்அப்பில் நாலு கேள்வி. ஆஃபர் லெட்டரில் நிறுவனத்தின் லோகோ அச்சு அசலாக இருக்கும். ஆனால் அனுப்பிய மெயில் முகவரியில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடும் ‘கேரியர்ஸ்’ என்றோ ‘எச்ஆர் டெஸ்க்’ என்றோ ஒரு சொல்லும் கூடுதலாக ஒட்டியிருக்கும். பணம் கட்டச் சொல்லும் கணக்கு தனி ஆளின் பெயரில் இருக்கும். சில கும்பல்கள் ஓஎம்ஆரில் வாடகைக்கு இடம் பிடித்து, ஐடி கார்டு கொடுத்து, இரண்டு மாதம் ‘ட்ரெய்னிங்’ நடத்திச் சம்பளம்கூடப் போடுவார்கள். ஆட்கள் போதுமான அளவு சேர்ந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சந்தேகம் வந்தால் அந்த லெட்டரை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு அனுப்பிக் கேளுங்கள். கம்பெனி பெயரை மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினால் எந்த ஆண்டு பதிவானது, முகவரி என்ன என்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நேரில் கொடுத்திருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவிலோ, சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவிலோ புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பதால் அடுத்த குடும்பமும் அதே கும்பலிடம் சிக்குகிறது.

இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் ‘வாங்கி’ உள்ளே போனவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். மாட்டியவர்களும் இருக்கிறார்கள். இன்று பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் விவரமும், வருமான வரிப் பிடித்த விவரமும் கேட்கப்படுகின்றன. காகிதத்தில் இரண்டு ஆண்டு இருந்து, பிஎஃப் கணக்கில் ஒன்றுமில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துக்கூட அனுப்பிவிடுகிறார்கள். அதோடு நிறுவனத்தின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும். மந்தம் ஒருநாள் போய்விடும், இந்தப் பெயர் போகாது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், மாதம் 80,000 என்கிறார்கள். விசா, டிக்கெட் எல்லாம் இலவசமாம்.

தயவுசெய்து போகாதீர்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, துப்பாக்கி முனையில் இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் அங்கிருந்து தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டு சென்னைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் கம்போடியா, லாவோஸ், மியான்மரிலிருந்து ஆட்களை மீட்பது தொடர்கிறது. வேலைக்கு என்று சொல்லிவிட்டு டூரிஸ்ட் விசாவில் அனுப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது.

நூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பிவிட்டேன். ஒரு பதிலும் இல்லை. என்ன குறை?

அநேகமாக, நீங்கள் செய்த வேலை அதில் இல்லை. ஒரு இசிஇ பட்டதாரியின் ரெஸ்யூமே இப்படி இருந்தது. மேலே, சவாலான சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புவதாக மூன்று வரி. கீழே அப்பா பெயர், திருமண நிலை, பொழுதுபோக்கு. கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. நடுவில் ப்ராஜெக்ட் மட்டும் ஒரே வரி: ‘ஐஓடி மூலம் ஸ்மார்ட் விவசாயம்’. அந்தத் தலைப்பில் இந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் ப்ராஜெக்ட் செய்திருப்பார்கள்.

என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருந்தது. முதலில் போட்ட மண் ஈரப்பத சென்சார் சீக்கிரமே அரித்துப்போய்த் தப்பான அளவு காட்டியிருக்கிறது. எளிதில் அரிக்காத கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறியிருக்கிறார்கள். சென்சாரை இயக்கும் இஎஸ்பி32 போர்டு பேட்டரியைத் தின்றதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விழித்து அளவெடுத்துவிட்டுத் தூங்கும்படி இவர் கோட் எழுதியிருக்கிறார். ரெஸ்யூமேயில் வரவேண்டியது இந்த மூன்று வரிதான். எது உடைந்தது, ஏன் உடைந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்? கேள்வி கேட்பவருக்கு இதில் பிடிப்பு கிடைக்கும். உங்களுக்கும் பதில் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால், இப்போது சொந்தமாக ஒன்றைச் செய்யுங்கள். சிறியதாக இருந்தால் போதும். பக்கத்து மளிகைக் கடைக்கு இருப்புக் கணக்கு பார்க்க ஒரு செயலி செய்து, கடைக்காரர் அதை ஒரு மாதம் பயன்படுத்தினாலே பேச நிறைய விஷயம் கிடைக்கும்.

நவுக்ரி, லிங்க்ட்இன் தவிர வேறு எங்கே தேடுவது?

எல்லோரும் ஐடி நிறுவனங்கள் இருக்கும் சிறுசேரியையும் சோழிங்கநல்லூரையுமே பார்க்கிறோம். அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை ஆகிய இடங்களில் தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டம், கொள்முதல், இஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் மென்பொருள்) போன்ற பிரிவுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். கோவையில் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்களில் மெக்கானிக்கல், இஇஇ படித்தவர்களுக்கு வேலை உண்டு. அதில் பல இணையத்தில் விளம்பரமாக வருவதில்லை. கேட்டில் எழுதி ஒட்டுவார்கள், இல்லையென்றால் உள்ளே இருப்பவர் மூலம் ஆள் தேடுவார்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டு ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுக்கும் வேலை, பட்டதாரிகளுக்கு நல்ல நுழைவாயிலாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் அங்கே அடி விழுந்தது. அதனால் எந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் கல்லூரி சீனியர்களை விடாதீர்கள். “அண்ணா, வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். அவர்கள் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் ஒரு காலியிடத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, “இதற்கு ரெஃபர் செய்ய முடியுமா அண்ணா” என்று ரெஸ்யூமேயோடு கேளுங்கள். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. அரசின் தனியார்துறை வேலை இணையதளத்திலும் பதிவு இலவசம்தான்.

அப்ரண்டிஸ் என்றால் ஐடிஐ முடித்தவர்களுக்குத்தானே?

இல்லை. இதைப் பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பி.இ. மட்டுமல்ல, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இதைக் கவனிக்கும் தென்மாநிலங்களுக்கான தொழிற்பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. என்எல்சி, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் போன்றவை இதன்வழி ஆள் எடுக்கின்றன.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் ஓராண்டுச் சான்றிதழும், ஒரு பெரிய ஆலையின் தினசரி நடப்பைப் பார்த்த அனுபவமும் கையில் இருக்கும். ஒன்று கவனியுங்கள்: ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் இதில் சேர முடியாது. படிப்பை முடித்த சூட்டோடு முயல்வது நல்லது.

பேசாமல் டிஎன்பிஎஸ்சிக்கு உட்கார்ந்துவிடலாமா?

கணக்கைப் பாருங்கள். 2024 குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், அப்படியும் இருநூறு பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. அதற்காக எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. குரூப் 4இல் நேர்காணல் கிடையாது, சிபாரிசு எடுபடாது, 200 கேள்விகளில் 100 தமிழ். உழைத்துப் படிக்கிற கிராமத்துப் பிள்ளைக்கு இவ்வளவு நேரான வழி வேறு இல்லை.

என் யோசனை, காலக்கெடு வைத்துக்கொண்டு இறங்குங்கள். இரண்டு முழு முயற்சி, அதற்குள் கட்-ஆஃபுக்கு அருகிலாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள். நாலைந்து வருடம் படிப்பதைத் தவிர எதுவும் செய்யாமல் இருந்தவருக்குத் தனியார் கதவும் மெல்லச் சாத்திக்கொள்ளும். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லை என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு.

எம்.இ., எம்பிஏ சேர்ந்து இரண்டு வருடத்தை ஓட்டலாமா?

ஓட்டுவதற்காகச் சேர வேண்டாம். எம்.இ.க்கான கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணோடு நல்ல கல்லூரி கிடைத்தால் சேருங்கள். அந்த மதிப்பெண் மூன்றாண்டு செல்லும், சில பொதுத்துறை நிறுவனங்களும் அதை வைத்தே ஆள் எடுக்கின்றன. பிளேஸ்மென்டே நடக்காத கல்லூரியில் கடன் வாங்கி எம்பிஏ படித்தால், இரண்டாண்டு கழித்து இதே கேள்வியோடு கூடுதல் கடனும் சேர்ந்திருக்கும்.

இத்தனை ஆண்டுக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று பாண்ட் கையெழுத்துக் கேட்கிறார்கள். செல்லுமா?

‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்காக எல்லா பாண்டும் செல்லும் என்றும் அர்த்தமில்லை. தொகை நியாயமானதா, பயிற்சிக்குச் செலவு செய்தார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். படித்துப் பார்த்து, ஒரு நகல் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், வைத்துக்கொள்ளக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கல்விக்கடன் தவணை தொடங்கப்போகிறது. வேலை இல்லை.

பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டு முடிவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய் மேலாளரைப் பாருங்கள். தவணைக் காலத்தை நீட்டவும், தொடக்கத்தில் குறைவாகக் கட்டவும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஃபோனை எடுக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. கடன் நிலுவையானால் சிபில் மதிப்பெண் விழும். வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு இது இரட்டை அடி. பணியில் சேரும்போது கடன் வரலாறு நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்புகளிலேயே போட்டிருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பொறியியல் போன்ற தொழிற்கல்விப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. இதை நம்பி எதுவும் திட்டமிட முடியாது. ஆனாலும் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வையுங்கள்.

சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்காக வேலையை விடவும் வேண்டாம். தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி உள்ளிட்ட ஊர்களில் தமிழக அரசின் ‘தோழி’ மகளிர் விடுதிகள் இருக்கின்றன. முதல் தடவை அம்மாவும் அப்பாவும் கூடவே வந்து விடுதியையும், அலுவலகம் போகும் வழியையும், இரவு ஷிஃப்ட் என்றால் நிறுவனத்தின் கேப் வசதியையும் பார்த்துவிட்டுப் போகட்டும். நேரில் பார்த்த பிறகு பெரும்பாலான வீடுகளில் சம்மதம் கிடைத்துவிடுகிறது.

இன்டர்வியூவில் “ஒன்றரை வருடம் என்ன செய்தாய்?” என்று கேட்டால்?

உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “2023இல் முடித்தேன், கேம்பஸ் நடக்கவில்லை. ஆறு மாதம் எங்கள் ஊரில் ஒரு பில்லிங் கடையில் கணக்குப் பார்த்தேன். அதோடு டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் படித்தேன். அந்தக் கடையின் விற்பனைக் கணக்கை வைத்தே இந்த ரிப்போர்ட்டைச் செய்தேன்.” கடையில் வேலை பார்த்ததை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். அப்பாவின் உடல்நிலைக்காக வீட்டில் இருந்திருந்தாலும் அதையே சொல்லலாம். அந்த ஆண்டுகளில் ஆள் எடுக்கவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும். அவர் பார்ப்பது, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்களா என்பதை மட்டும்தான்.

சின்ன வேலையில் சேர்ந்துவிட்டேன். எப்போது மாறலாம்?

ஒரு வருடத்துக்கு முன் வேண்டாம். ஒன்றரை வருடம் ஆனதும் தேடத் தொடங்குங்கள், ஐந்து வருடம் அங்கேயே பழகிப்போய் உட்கார்ந்துவிட வேண்டாம். மாதம் ஒருநாள் உட்கார்ந்து, அந்த மாதம் செய்ததை நாலு வரி எழுதி வையுங்கள், அடுத்த ரெஸ்யூமேக்குத் தேவையானது அதில் தானாகச் சேரும். புது ஆஃபர் எழுத்தில், சேரும் தேதியோடு வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடியுங்கள். பே-ஸ்லிப், வரிப் பிடித்தச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, யுஏஎன் தளத்தில் நீங்கள் விலகிய தேதியைப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தேதி ஏறாமல், அடுத்த இடத்தில் சேருவதற்குள் அலைக்கழிந்தவர்கள் ஏராளம்.